பத்துக்குப் பிறகு இரண்டு

அன்புள்ள செல்வம்,

தீபாவளிக்கு நீ அனுப்பிய செய்திக்கே இன்னும் பதில் போடவில்லை என்பது இன்று காலையில்தான் உறைத்தது. திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு, உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? சின்னவளைப் பள்ளியில் சேர்த்துவிட்டாயா? இங்கே எல்லோரும் சுகம். மூக்கன் அதே ஸ்கூட்டர், அதே கதை.

விஷயம் தமிழய்யா. வரும் தையில் அவருக்கு 80 நிறைகிறது. டிரங்குப் பெட்டியில் அவர் எழுதிப் போட்டிருந்த கட்டுரைகளைப் புத்தகமாகக் கொண்டுவந்துவிடலாம் என்று போன ஆவணியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மொத்தம் 12 கட்டுரை. அதில் 11-ஐ என் மகளும் நானும் வேர்டில் அடித்துச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். பேர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். ப்ரூஃப் வந்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. நான் போட்டிருந்த எழுத்துரு அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை, அதனால் வேறு ஏதோ ஏறி உட்கார்ந்து 74 பக்கம் 81 ஆகிவிட்டது. அதைச் சரிசெய்கிறேன் என்று அங்கிருந்த பையன் எழுத்தை வெட்டி அவன் டிசைன் மென்பொருளில் ஒட்ட, ஒற்றைக்கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. 'கொக்கு' எப்படி இருந்தது என்று எழுதிக் காட்டக்கூட மனசு வரவில்லை. "சார், பிடிஎஃப்பா குடுங்க, ஃபாண்டெல்லாம் உள்ளேயே இருக்கணும், கருப்பு ஒரே கருப்பா இருக்கணும்" என்றார் உரிமையாளர். அந்த ஒரு வாக்கியம் புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.

வேர்டு மாதிரியே இலவசமாகக் கிடைக்கிற லிப்ரேஆபீஸில் திறந்து பிடிஎஃப்பாக மாற்றுவது யாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஐயா தினமும் திருத்தம் சொல்கிறாரே! காலையில் ஒரு காற்புள்ளி, சாயங்காலம் அதே காற்புள்ளி வேண்டாம். ஒவ்வொரு தடவையும் 11 கோப்பையும் திறந்து, மாற்றி, மூடி, ஒட்டி... இரண்டாவது நாளே எரிச்சல் வந்து, கட்டளையை எழுத்தாக அடிக்கிற கருப்புத் திரைக்குப் போய்விட்டேன். லிப்ரேஆபீஸை ஜன்னல் திறக்காமலே ஓட்டலாம், தெரியுமா? 'ஹெட்லெஸ்', 'கன்வர்ட்-டு பிடிஎஃப்' என்று ஒரு வரி அடித்தால் அந்த ஃபோல்டரில் இருக்கிற அத்தனை கோப்பையும் மாற்றிப் போட்டுவிடுகிறது. ஒரு கூத்து என்னவென்றால், பின்னால் லிப்ரேஆபீஸ் ஏற்கனவே திறந்திருந்ததால் இந்தக் கட்டளை ஒன்றும் செய்யாமல், ஏன் என்றும் சொல்லாமல், நல்ல பிள்ளை மாதிரி திரும்பி வந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ராத்திரி போனது. "அப்பா இன்னைக்கும் கருப்பு ஜன்னலா?" என்று மகள் கேட்டுவிட்டுப் போய்த் தூங்கிவிட்டாள்.

மாற்றியதும் ஃபாண்ட் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க 'பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்' என்று ஒரு குட்டிக் கட்டளை இருக்கிறது. எழுத்துருக்களைப் பட்டியல் போட்டு, பக்கத்தில் 'எம்ப்' என்ற தலைப்பின்கீழ் யெஸ், நோ என்று சொல்லும். என் பக்கங்களில் எல்லாம் யெஸ். அட்டையில் மட்டும் ஒரே ஒரு நோ. மூக்கன் மருமகன் டிசைன் செய்த அட்டை அது. பின்பக்கம் தொலைபேசி எண்ணுக்கு மட்டும் ஏரியல் எழுத்துரு போட்டுவிட்டு உள்ளே சேர்க்காமல் விட்டிருக்கிறான். அந்த மருமகனைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும்?

அப்புறம் கோஸ்ட்ஸ்கிரிப்ட். செல்வம், இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள், நீ உட்கார். பாலிடெக்னிக்கில் மூக்கன் அச்சுக்குக் கொடுத்த மூன்று பக்க ரிப்போர்ட் நினைவிருக்கிறதா? சதவீதக்குறி, ஆச்சரியக்குறி, அதன்பின் தாள் தாளாக, லேப் சார் ஓடி வந்து ஒயரைப் பிடுங்குகிற வரைக்கும்? இத்தனை வருஷம் கழித்து எனக்கு அது விளங்கியது. அந்தக் கோப்பு போஸ்ட்ஸ்கிரிப்ட். அடோபி 1984-இல் கொண்டுவந்த மொழி, அடுத்த வருஷமே ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டர் அதைப் பேசியது. அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு நிரல்: இந்த இடத்துக்குப் போ, இந்த எழுத்தைப் போடு, கோடு இழு, பக்கம் முடிந்தது, தாளைத் தள்ளு. அந்தச் சதவீதக்குறியும் ஆச்சரியக்குறியும்தான் "நான் போஸ்ட்ஸ்கிரிப்ட்" என்று சொல்கிற முதல் வரி. நம் லேபில் இருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அந்தப் பாஷை தெரியாது, பாவம், நிரலையே எழுத்தெழுத்தாக அடித்துத் தள்ளியது. பிரிண்டருக்குத் தெரியாவிட்டால் என்ன, கம்ப்யூட்டரே படித்துக்கொள்ளட்டும் என்று 1988-இல் பீட்டர் டாய்ச் என்பவர் வெளியிட்டதுதான் கோஸ்ட்ஸ்கிரிப்ட். மூக்கனுக்கு அன்றைக்கு அது கிடைத்திருந்தால் அபராதம் மிச்சம்.

எனக்கு அது எதற்கு என்றால், அந்த "ஒரே கருப்பு". திரையில் கருப்பாகத் தெரிகிற எழுத்து அச்சுக்குப் போகும்போது நாலு மையும் கலந்த கருப்பாக மாறலாம். நாலு ப்ளேட்டில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் நிழல் கட்டும். கோஸ்ட்ஸ்கிரிப்டிடம் எல்லாவற்றையும் சாம்பல் நிறத்துக்கு மாற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் வண்ணமே இல்லாத கோப்பாகத் திருப்பித் தருகிறது, தமிழ் எழுத்துரு குலையாமல். 'பேட்ச்', 'நோ பாஸ்' இரண்டும் சேர்க்க மறந்தால் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் நின்று எண்டர் தட்டச் சொல்லும். நான் ஒரு தடவை 74 எண்டர் தட்டியிருக்கிறேன், சிரிக்காதே. 'ஸ்கிரீன்' என்ற தரத்தில் வைத்தால் கோப்பு சின்னதாகும் என்று ஆசைப்பட்டு ஐயாவின் பழைய புகைப்படத்தை அங்குலத்துக்கு 72 புள்ளியாக இறக்கி முகத்தைக் கட்டம் கட்டமாக ஆக்கியதும் நான்தான். 'ப்ரீப்ரெஸ்' என்று வைக்க வேண்டும், அதில் 300.

இந்தக் கட்டளைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதி வைத்துவிட்டேன். இப்போது ஐயா காற்புள்ளியைப் பிடுங்கினால் நான் ஒரே ஒரு எண்டர். காபி ஆறுவதற்குள் புத்தகம் தயார்.

ஐயா கையில் வைத்துப் படிக்க ஒரு மாதிரிப் பிரதி வேண்டும் என்று, ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடிக்கிற மாதிரி நானே பக்கங்களை அடுக்கினேன். மகளின் ரஃப் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து, மடித்து, நம்பர் போட்டுப் பார்த்தேன்: 8-க்குப் பக்கத்தில் 1, பின்னால் 2-ம் 7-ம், எதைக் கூட்டினாலும் 9. நாலால் வகுபட வேண்டும் என்பதால் 74 பக்கத்துக்கு இரண்டு காலிப் பக்கம் சேர்த்து 76. இந்த அடுக்குகிற வேலைக்கும் கட்டளை இருக்கிறது. பெருமையாக அச்சகத்துக்கும் அதையே அனுப்பினேன். "அதை நாங்க பாத்துக்குவோம் சார், நீங்க பக்கத்தை வரிசையா குடுத்தா போதும்" என்று ஒரே போடு.

வரிசை. அங்கேதான் மானம் போனது. ஐயா லென்ஸை வைத்து மாதிரிப் பிரதியைப் படித்தார், இரண்டு நாள். மூன்றாம் நாள் கூப்பிட்டு, "குமாரு, உங்க கம்ப்யூட்டர்ல பத்துக்குப் பிறகுதான் ரெண்டு வருமா?" என்றார். கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பேர் வைத்திருந்தேன். கட்டளை அதை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்து 1, 10, 11, 12, 2 என்று ஒட்டியிருக்கிறது. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 01, 02 என்று மாற்றினேன், முடிந்தது. ஆனால் நான் திரையில் ஐம்பது தடவை பார்த்தும் கண்ணில் படாதது அவருக்குப் பட்டது. வலது கண் அவருக்கு இப்போது அநேகமாக இல்லை. கையும் நடுங்குகிறது. லென்ஸை இடது கையில் பிடித்து, வலது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கிறார்.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டார். "ஏழாவது எங்கே?" ஏழாவது 'கிணறு'. மூலம் செல்லரித்துவிட்டது, நான் பெட்டியைத் திறந்தபோது வெறும் பொடிதான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல் நின்றேன். அவரே சொன்னார்: "செல்வம் ஒரு தடவை டைப் பண்ணிக் காமிச்சான். அவன்கிட்ட இருக்கும்." உன் டிடிபி சென்டர் காலத்தில், 2004 வாக்கில். அவருக்கு வருஷம்கூட நினைவிருக்கிறது.

ஆகவே பரணில் ஏறு. அந்தப் பழைய சிடிக்களைத் தேடு. அது பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் இருக்கும், திறந்தால் 'அம்மா' என்கிற இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பினாத்தும். பயப்படாதே, 'ஓபன்-தமிழ்' என்ற பைதான் நிரல் நூலகம் அதை இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கிற யூனிகோடாக்கித் தந்துவிடும், மிச்சத்தை நான் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன். திறந்து பார்த்துச் சேமித்து மட்டும் வைக்காதே. எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பு. ஆறு பக்கம் வந்தால் சரியாக 80, காலிப் பக்கமே தேவையில்லை. மார்கழி பிறப்பதற்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

கிடைக்காவிட்டாலும் எழுது. அப்போது நீயே ஒரு நாள் ஓசூரிலிருந்து கிளம்பி வா. அவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொள்ளலாம், உனக்குத்தான் வேகம் அதிகம்.

உன்,
குமார்

பி.கு: மூக்கனிடம் சதவீதக்குறி விளக்கத்தைச் சொன்னேன். பாலிடெக்னிக் கட்டச் சொன்ன 50 ரூபாயை வட்டியோடு யாரிடம் கேட்பது என்கிறான்.