செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நம் சங்கத்தின் முதல் கடல்நீர்த் தொட்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூன் முதல் 2025 மே வரை நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. கப்பி, ஃபைட்டர் மீன் போட்டிகள் பொங்கல் விடுமுறையில் வழக்கம்போல் நடந்தன. பரிசு பெற்றவர்களின் பெயர்கள் வாசலில் பலகையில் இருக்கின்றன. மற்றபடி இந்த ஆண்டு நம் நேரத்திலும் பணத்திலும் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது அரங்கத்து மூலையில் நிற்கும் அந்தத் தொட்டிதான். அதைப் பற்றித்தான் விரிவாகப் பேசப்போகிறேன்.

கொளத்தூர் வட்டாரம் நன்னீர் வண்ணமீனுக்குப் பேர்போனது. நம்மில் பலருக்கு அது பிழைப்பும்கூட. கடல்நீர் என்றால் மட்டும் எல்லோருக்கும் ஒரு தயக்கம். இத்தனைக்கும் 1909-லேயே மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்த ஊர் இது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சி அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. பவளத் தொட்டி ஒன்றை நாமே அமைத்துப் பழகுவோம், கற்றுக்கொண்டதை உறுப்பினர்களுக்குச் சொல்லித்தருவோம் என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது.

முதல் இரண்டு கூட்டங்களும் எதை வளர்ப்பது என்பதிலேயே போயின. அதைவிட எதை வளர்க்கக் கூடாது என்பதில் போயின என்பதே சரி. வெளிநாட்டு வீடியோக்களில் கிளை கிளையாக நிற்கும் கடின பவளங்களைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்று கேட்டவர்கள் நிறைய. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கடின பவளங்கள் அத்தனையும் இருக்கின்றன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி, ஆர்கன் பைப் பவளம், கடல்குதிரை எல்லாம் அதே பட்டியலில்தான். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கடலில் எடுத்தாலும் குற்றம், கடையில் வாங்கினாலும் குற்றம், செத்துக் காய்ந்த துண்டை அலங்காரத்துக்கு வைத்தாலும் குற்றம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொட்டி வேலை தொடங்கிய செய்தி பரவியதும் ஒரு வியாபாரி தேடி வந்தார். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து லைவ் ராக், அதாவது நுண்ணுயிர்கள் குடியேறிய பவளப் பாறை, கொண்டுவந்து தருவதாகவும் கிலோ கணக்கில் விலை பேசலாம் என்றும் சொன்னார். செயற்குழு ஒரே குரலில் மறுத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் படுகை 1986 முதல் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று அங்கே இருந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2016-இல் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்து, ஒரு பகுதி செத்தும் போனது. அந்தக் கடலிலிருந்து ஒரு கல்லைக்கூட நம் தொட்டிக்கு எடுப்பதில்லை என்பதைச் சங்கத்தின் நிலையான விதியாகப் பதிவு செய்திருக்கிறோம். பாறைக்குப் பதிலாக நுண்துளைகள் உள்ள செயற்கைக் கல். மீன், பொரிப்பகத்தில் பிறந்தது மட்டும். பவளம், அட்டவணையில் இல்லாத மென்பவளம் மட்டும்; அதுவும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டில் பல வருடமாக வளர்த்துப் பெருக்கியதிலிருந்து வெட்டித்தந்த துண்டுகள்.

தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 20 அங்குல உயரம், 12 மில்லிமீட்டர் கண்ணாடி. அடியில் சம்ப், அதாவது நீர் இறங்கி வடிந்து மேலே திரும்பும் துணைத் தொட்டி. இரண்டிலும் சேர்த்து ஓடும் நீர் 400 லிட்டர் அளவில் இருக்கும். கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். அதனால்தான் மாடி அறையைக் கேட்டவர்களுக்கு மறுப்புச் சொல்லித் தரைத்தளத்தில், வெயில் நேராக விழாத சுவரோரம் வைத்தோம். குழாய் வேலையில் ஒரு விஷயம்: பிளம்பர் வழக்கமாகப் போடும் பித்தளை வால்வைப் போட வந்தார். கடல்நீர் பித்தளையை அரிக்கும், அதிலுள்ள செம்பு நீரில் இறங்கும், பவளமும் நத்தையும் இறாலும் செத்துவிடும். எல்லாம் யூ.பி.வி.சி.யாக மாற்றினோம். இரும்பு கிளிப்கூட நீரில் படக் கூடாது.

உப்புப் போடும் முன் வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஓட்டினோம். அப்போது வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்ததை எல்லா உறுப்பினர்களும் கவனத்தில் வைக்க வேண்டும். பம்ப் நின்ற உடனே, மேலே தண்ணீர் ஏற்றும் குழாய் அப்படியே திரும்பி இழுக்கத் தொடங்குகிறது. தொட்டி நீர் சரசரவென்று சம்புக்கு இறங்கியது. சம்பின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கும்வரை ஒருவரும் பேசவில்லை. குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போட்டோம். மட்டம் அதற்குக் கீழே போனதும் காற்றை இழுத்துச் சைஃபன் அறுந்துவிடுகிறது. சம்பிலும் ஓடும்போதுள்ள மட்டத்தைக் குறைத்துக் கோடு கிழித்துவைத்தோம். அந்தக் கோட்டுக்கு மேல் யாரும் நீர் ஊற்ற வேண்டாம்.

அப்புறம் தண்ணீர் விவாதம். பக்கத்திலேயே கடல் இருக்க உப்பை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் கரையில் கூவமும் அடையாறும் கொசஸ்தலையும் வந்து கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கரையோர உப்பளவு இறங்கிவிடும். மாதத்துக்கு ஒரு மாதிரி இருக்கும் நீரை வைத்துக்கொண்டு புதியவர்களுக்குச் சொல்லித்தர முடியாது. எனவே ஆர்.ஓ. நீரை, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் வழியாக விட்டு, டி.டி.எஸ். எனும் கரைந்த உப்பின் அளவைப் பூஜ்யம் ஆக்கி, லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் கடல் உப்புக் கலவை சேர்த்தோம். முதல் நிரப்பலுக்கே ஏறக்குறைய 15 கிலோ ஆயிற்று. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. கருவிகள் பல, ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பக் கலந்துவிடும்; அந்த நீர் இதற்கு உதவாது. உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற அளவில் நிற்க வேண்டும். தினமும் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். ஆகவே குறைந்த மட்டத்தை உப்பில்லாத நீரால்தான் நிரப்ப வேண்டும்.

அக்டோபர், நவம்பர் முழுக்கத் தொட்டி மீன் இல்லாமலே ஓடியது. இதுதான் எல்லோருடைய பொறுமையையும் சோதித்த காலம். அம்மோனியம் குளோரைடு சொட்டுவிட்டு, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறக் காத்திருந்தோம். அம்மோனியா தீர்ந்தால் டெஸ்ட் கிட் குழாயில் மஞ்சளாக மாற வேண்டிய நிறம் வாரக்கணக்கில் பச்சையாகவே இருந்தது. "சார், ஒரு மீனாவது போட்டுப் பாருங்க சார்" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். பொறுப்பாளர்கள் அசையவில்லை, அவர்களுக்கு என் மனமார்ந்த பாராட்டு. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது இங்கே மின்சாரம் போய்ப் போய் வந்தது. பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும் என்பதால் இளைஞர்கள் இருவர் பேட்டரி ஏர் பம்ப்புடன் அரங்கத்திலேயே தங்கினார்கள். டிசம்பரில் ஒருநாள், சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமானது, நைட்ரைட்டும் பூஜ்யம். தொட்டி தயார்.

முதலில் வந்தது ஒரு ஜோடி கோமாளி மீன், பிள்ளைகள் நெமோ என்று கூப்பிடும் அதே மீன். தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே பவளத் தொட்டிக்கு மாற்றினோம். வெண்புள்ளி நோய்க்குக் கொடுக்கும் செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றவே முடியாது என்பதால் இந்தத் தனித் தொட்டி கட்டாயம். டோரி மீன் எங்கே என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அது ஓர் அடி நீளம் வரை வளரும், ஓடித் திரிய இடம் வேண்டும். நம் தொட்டியில் அதை அடைத்துவைப்பது அதற்குத் துன்பம், கண்ணுகளா.

ஜனவரியில் மணல் பழுப்பாக மாறியது, பிறகு கல்லில் பச்சைப் பாசி முடிபோல் தொங்கியது. தொட்டி கெட்டுவிட்டது என்று சிலர் வருந்தினார்கள். புதுத் தொட்டி எல்லாமே இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வரும். மருந்து எதுவும் ஊற்றவில்லை. விளக்கு நேரத்தைக் குறைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, தீனியைக் குறைத்தோம். பாசி மேயும் நத்தைகள் மீதியைப் பார்த்துக்கொண்டன. மார்ச்சில் காளான் பவளமும், மொட்டு மொட்டாகக் கூட்டமாய் வளரும் ஸோவாவும், தோல் பவளமும் வைத்தோம். காலையில் நீல விளக்கு எரிந்ததும் சுருங்கிக் கிடக்கும் ஸோவா மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்து, கால் மணி நேரத்தில் கல்லே தெரியாமல் மூடிவிடும். பார்க்காதவர்கள் ஒருநாள் சீக்கிரம் வந்து பாருங்கள்.

ஸோவாவைத் தொடுபவர்களுக்கு எச்சரிக்கை. அந்தக் குடும்பத்துச் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடவே கூடாது. ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு.

கத்திரி வெயிலில் தொட்டி 26 டிகிரியில் நின்றதற்குக் காரணம் சில்லர், அதாவது தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி. செலவுப் பட்டியலில் அதிகத் தொகை அதற்குத்தான், மின்கட்டணம் ஏறியதும் அதனால்தான். சென்னையில் பவளத் தொட்டி வைக்க நினைப்பவர்கள் முதலில் சில்லருக்கும் இன்வெர்ட்டருக்கும் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியில் தொட்டியின் அளவைத் தீர்மானியுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

வரும் ஆண்டில் கோமாளி மீன் குஞ்சு வளர்ப்பைத் தொடங்க விரும்புகிறோம். பொரித்த குஞ்சுக்கு முதல் உணவு ரோட்டிஃபர் என்ற மிக நுண்ணிய நீருயிர். அதை இடைவிடாமல் வளர்க்கத் தெரிந்த பிறகுதான் முட்டையைப் பற்றி யோசிக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையமும் இதில் முன்னோடிகள். நேரில் போய்ப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.

தொட்டிப் பொறுப்பை ஏற்க ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இன்னும் இருவர் தேவை. பத்து சதவீத நீர் மாற்றம், கண்ணாடி துடைப்பது, நீரின் அல்கலினிட்டியை (அமிலத்தைத் தாங்கும் திறனை) அளப்பது, பதிவேட்டில் எழுதுவது இவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம் போதும். பொருளாளர் இப்போது வரவு செலவுக் கணக்கை வாசிப்பார். அதன்பின் சில்லருக்கான மின்கட்டணத்துக்குத் தனி நிதி ஒதுக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது.

நன்றி.