கார்டைப் பார்த்தீர்கள், டிரைவரைப் பார்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிட்டு உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த கேமில் எந்த கார்டு எத்தனை எஃப்.பி.எஸ். (ஒரு விநாடிக்கு எத்தனை பிரேம்) தருகிறது என்ற கணக்கெல்லாம் சரி. ஆனால் கார்டை மாட்டி கேஸை மூடிய பிறகு தினமும் நாம் மல்லுக்கட்டுவது அதை இயக்கும் டிரைவர் சாப்ட்வேரோடுதான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

தண்டையார்பேட்டையில் ஆறு சிஸ்டம் போட்டு கேமிங் சென்டர் நடத்துகிறேன். நாலில் என்விடியா கம்பெனி கார்டு, இரண்டில் ஏ.எம்.டி. கார்டு. இரண்டு சாப்ட்வேரையும் தினமும் திறந்து மூடுகிறவன் என்பதால் எந்தக் கம்பெனிக்கும் நான் கொடி பிடிப்பதில்லை.

என் கடை முதல் மாடியில். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதம் மத்தியானம் மூணு மணிக்கு மேல் ஒற்றை ஏசி கைவிரித்துவிடும். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600 போட்ட சிஸ்டத்தில் ஃபேன் மாவு கிரைண்டர் மாதிரி சத்தம் போட்டது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆல்ட், ஆர் இரண்டையும் அழுத்தி ஏ.எம்.டி.யின் சாப்ட்வேரான அட்ரினலினைத் திறந்தேன். சூடு குறையட்டும் என்று டியூனிங் பக்கத்தில் வோல்டேஜை 1150 மில்லிவோல்ட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 1080-க்கு இறக்கினேன். ஃபேன் வேகத்தையும் அங்கேயே மாற்றினேன். சத்தம் பாதியாக அடங்கியது. விளையாடிக்கொண்டிருந்த தம்பிக்கு எஃப்.பி.எஸ். குறைந்ததாகவே தெரியவில்லை. பக்கத்து சீட்டில் இருக்கும் என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3050-க்கு இதே வேலையைச் செய்ய ஆஃப்டர்பர்னர் என்று தனியாக ஒரு சாப்ட்வேரைப் போட வேண்டியிருக்கிறது. என்விடியாவின் ஆப்பில் தானாக ஓவர்கிளாக் செய்யும், அதாவது கார்டின் வேகத்தைக் கூட்டும் வசதி உண்டு, ஆனால் வோல்டேஜை இறக்க வழி இல்லை. நம் ஊர் வெயிலுக்கு எது தேவை என்று சொல்லவா வேண்டும்?

என்விடியா பக்கம் நல்லது இல்லாமல் இல்லை. முன்பு இருந்த ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்ற அவர்கள் சாப்ட்வேர், கணக்குத் தொடங்கி உள்ளே நுழைந்தால்தான் வேலை செய்யும். டிரைவர் இறக்குவதற்கு எதற்கப்பா ஈமெயிலும் பாஸ்வேர்டும்? 2024 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த என்விடியா ஆப்பில் அந்தத் தொல்லை ஒழிந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, கேமில் இருக்கும் பழைய டி.எல்.எஸ்.எஸ்.ஸை (ஏ.ஐ. வைத்துப் படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் வசதி) தள்ளிவிட்டு புது மாடலை ஆப் வழியாகவே மாற்றிக்கொள்ளலாம் என்பது. எல்லா கேமுக்கும் கிடைக்காது. கிடைக்கிற கேமில், 2060 மாதிரி பழைய ஆர்.டி.எக்ஸ். கார்டில்கூட படம் பளிச்சென்று தெரிகிறது. ரெக்கார்டிங்கும் அப்படித்தான். ஆல்ட், எஃப்10 அழுத்தினால் கடைசி நிமிட ஆட்டம் அப்படியே சேவ் ஆகிவிடும், உடனே பசங்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். ஏ.எம்.டி.யிலும் இது உண்டு, ஆனால் என் கடைக் கார்டுகளில் என்விடியாவின் கிளிப்தான் தெளிவாக இருக்கிறது.

அதே என்விடியா ஆப் வந்த மறுமாதமே, படத்தின் நிறம், தோற்றத்தை மாற்றும் கேம் ஃபில்டர் ஆனில் இருந்தால் சில கேம்களில் வேகம் குறைகிறது என்று தெரியவந்தது. அதை ஆஃப் செய்யச் சொல்லி அந்தக் கம்பெனியே வழி சொன்னது. ஏ.எம்.டி.யின் கதை இன்னும் மோசம். 2023 அக்டோபரில் பட்டன் அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்க ஆன்டி-லேக் பிளஸ் என்று ஒன்றை டிரைவரில் விட்டார்கள். அது கேமின் கோப்புக்குள்ளேயே கை வைத்ததால், கவுன்டர் ஸ்டிரைக் 2-இல் அதை ஆன் செய்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று தடை வாங்கினார்கள். பிறகு ஏ.எம்.டி. அதைத் திரும்பப் பெற்றது. ஆஃபரைப் பார்த்த மாதிரி எல்லா பட்டனையும் ஆன் செய்கிற பசங்களுக்கு நான் சொல்லும் கதை இது. ஏ.எஃப்.எம்.எஃப். என்கிற, நடுவில் பிரேம் சொருகும் ஏ.எம்.டி. வசதியும் எல்லா கேமிலும் ஆன் செய்யக் கூடாத ரகம்தான். கதை கேம்களுக்கு அருமை, கண் இமைக்கும் நேரத்தில் சுட வேண்டிய வேலரன்டுக்கு வேண்டவே வேண்டாம்.

இன்டெல் கம்பெனியின் ஆர்க் கார்டை நான் கடையில் வைக்கவில்லை. ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகும் வசதி) இல்லாத பழைய மதர்போர்டில் அது திணறும், என்னிடம் இருப்பதெல்லாம் பழைய போர்டு. அவ்வளவுதான்.

அப்டேட் விஷயத்தில் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆறு சீட்டும் ஃபுல். வந்த அப்டேட்டை யோசிக்காமல் ஓகே கொடுத்துவிட்டேன். ஸ்கிரீன் கருப்பாகி நின்றது. சேஃப் மோடில் போய், டிரைவரைத் துடைக்கும் டி.டி.யு. என்ற சாப்ட்வேரை வைத்து அதை நீக்கி, முந்தைய டிரைவரைப் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம். “அண்ணா, எங்க டைம்ல கழிக்காதீங்க” என்று பின்னாலிருந்து குரல் வேறு. இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை காலையில், அதுவும் முதலில் ஒரே ஒரு சிஸ்டத்தில்தான் அப்டேட்.

இவ்வளவும் எழுத வைத்தது போன மாதம் வந்த ஒரு பையன். மெட்ரோ பிடித்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் செகண்ட்ஹேண்டில் என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1060 வாங்கி வந்திருந்தான். நம் பக்கத்தில் பாதிப் பேர் வாங்குவது செகண்ட்ஹேண்ட்தான். எஃப்.பி.எஸ். கணக்கில் ஜி.டி.எக்ஸ். 1650-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கடைக்காரர் சொன்னதும் தப்பில்லை. ஆனால் 1060 அடங்கிய 10 வரிசை கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். 1650-க்கு இந்தக் கெடு இல்லை. இதை அவனுக்குக் கடையிலும் யாரும் சொல்லவில்லை, உங்கள் கட்டுரையிலும் இல்லை.

அடுத்த முறை கார்டு ஒப்பீடு போடும்போது டிரைவர் எத்தனை வருஷம் வரும், சாப்ட்வேரில் வோல்டேஜ் இறக்க முடியுமா என்று இரண்டு கட்டம் சேர்த்துப் போடுங்கள். எஃப்.பி.எஸ். பட்டையில் ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

அந்தப் பையனுக்கு அவன் கார்டுக்கான கடைசி வரிசையான 580 வரிசை டிரைவரை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பழைய கேம்கள் நன்றாகவே ஓடுகின்றன என்கிறான்.

இப்படிக்கு,
கேமிங் சென்டர் நடத்தும் ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81