கவலையைக் கேட்கும் பொறுப்பில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குத் தலைமை ஏற்பவர்கள், குறைதீர் பிரிவுகளில் மனுக்களைப் பெறுபவர்கள், மருத்துவமனை வார்டுகளில் நோயாளியின் உறவினர்களுக்குப் பதில் சொல்பவர்கள், கீழே பணிபுரிவோரின் சொல்லைக் கேட்டு முடிவெடுக்கும் மேலாளர்கள் ஆகிய உங்கள் அனைவருக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் பணிகள் வெவ்வேறானவை. ஆனால், ஒருவர் தம் மனத்தை உறுத்துவதைச் சொல்ல வரும்போது அது கவனிக்கத்தக்கதா இல்லையா என்று முதலில் தீர்மானிப்பவர்கள் நீங்கள்தான். சொல்லப்பட்ட செய்தியை எடைபோடும் முன்பே, அது சொல்லப்பட்ட விதத்தைப் பார்த்து அந்தத் தீர்மானம் பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதே என் முறையீடு.

உங்கள் படிவங்கள் நாள், இடம், நேர்ந்த பாதிப்பு, ஆதாரம் ஆகியவற்றைக் கேட்கின்றன. கவலையோ இன்னும் நேராத ஒன்றைப் பற்றியது. அதற்கு நாளும் இல்லை, பாதிப்பும் இல்லை. ஆகவே அது வேறு வழிகளில் வருகிறது. "தப்பா நினைக்காதீங்க, ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்குவார் ஒருவர். "எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடுங்களேன்" என்பார் மற்றொருவர். தம் அச்சத்தைத் தமதென்று சொல்லத் துணியாதவர், "வெளியில நாலு பேர் பேசிக்கிறாங்க" என்று ஊரார் தலையில் ஏற்றிச் சொல்வார். சிலர் கிண்டல் போலச் சொல்லிவிட்டுத் தாமே முதலில் சிரித்துவிடுவார்கள். ஏற்கெனவே விடை சொல்லப்பட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்பவரும் உண்டு. அவருக்கு விடை புரியாமல் இல்லை, மனம் ஆறவில்லை. இவற்றில் எல்லாம் பணிவு முன்னால் வந்து நிற்க, செய்தி அதன் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது: நினைத்தது பொய்யாகிப்போனால், கேள்வி கேட்டவர் என்ற பெயரோடு முடியும், குற்றம் சாட்டியவர் என்ற பெயர் வராது. இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். தம் வேலையோ, தம் பிள்ளையின் சிகிச்சையோ, தம் மனுவின் கதியோ எதிரில் அமர்ந்திருப்பவரின் கையில் இருக்கும்போது யாரும் போடும் கணக்குத்தான் அது.

அந்தக் கணக்கின் விலை என்ன என்பதற்கு ஒரு விமானி அறையின் ஒலிப்பதிவே சான்று. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனி பெய்துகொண்டிருக்க, ஏர் புளோரிடா நிறுவனத்தின் 90-ஆம் எண் விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தது. கருவிகள் காட்டிய அளவு பொருந்தவில்லை என்பதைத் துணை விமானி கண்டுகொண்டார். அது சரியாகத் தோன்றவில்லையே என்று முதலில் கேள்வியாகக் கேட்டார். பிறகு, அது சரியில்லை என்றார். தலைமை விமானி, சரியாகத்தான் இருக்கிறது என்றதும், தமக்கு அப்படித் தோன்றவில்லை என்று இன்னொரு முறை மறுத்தவர், ஒருவேளை சரியாகவும் இருக்கலாம் என்று தாமே முடித்துக்கொண்டார். உறைபனி அடைத்த உணர்கருவி, இயந்திரங்களின் விசையை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டியிருந்தது. விமானம் மேலெழ முடியாமல் ஒரு பாலத்தில் மோதிப் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் சென்றுகொண்டிருந்த 4 பேர் உட்பட 78 பேர் இறந்தனர். துணை விமானி கண்டது சரி, சொன்னதும் சரி. தலைமை விமானி மறுத்ததும் அவர் தம் சொல்லைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதுதான் நடந்தது. 1979-இல் நாசா கூட்டிய ஒரு பயிலரங்கிலிருந்து வளரத் தொடங்கிய பணிக்குழுப் பயிற்சியை விமானத் துறை பின்னர் உலகெங்கும் ஏற்றுக்கொண்டது. இளையவர் தெளிவாகச் சொல்லப் பழக வேண்டும் என்பதோடு, மூத்தவர் ஒரு கேள்வியையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பதும் அந்தப் பயிற்சியின் பாதி. மற்ற துறைகளில் முதல் பாதி மட்டும் போதிக்கப்படுகிறது. "தைரியமாகப் பேசுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுவதற்குச் செலவு குறைவுதான்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மக்கள் தங்கள் கவலைக்கு வைக்கும் பெயர், ஆபத்தின் சரியான பெயராக இருக்க வேண்டியதில்லை. வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்தில், பள்ளிக்கு மேலே இருந்த மலைச்சரிவில் சுரங்கக் கழிவு குன்றாகக் குவிக்கப்பட்டு வந்தது. பள்ளியின் பின்புறம் கொட்டப்படும் கழிவுச் சேற்றால் ஆபத்து என்று பொருள் குறிப்பிட்டே 1963-இல் உள்ளாட்சிப் பொறியாளர் கடிதம் எழுதினார். 1965-இல் தாய்மார் இருவர் பள்ளிப் பக்கம் வெள்ளம் பெருகுவதைப் பற்றி மனுக் கொடுத்தனர். சேறு, வெள்ளம் என்ற சொற்களைக் கேட்டவர்கள் அதை வடிகால் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டனர். குன்று நிலையாக நிற்குமா என்பதை எவரும் முறையாக ஆராயவில்லை. 1966 அக்டோபர் 21 காலையில் அந்தக் குன்று சரிந்து பள்ளியையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். கழிவு குவிக்கப்பட்ட இடத்தின் அடியில் நீரூற்று இருந்தது. நீர் ஊறியே குன்று இளகியது. அந்தத் தாய்மார் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். மண் இயக்கவியலின் மொழியில் பேசியிருந்தால் மட்டுமே கேட்டிருப்போம் என்று எந்த அலுவலகமும் வெளிப்படையாகச் சொல்லாது. ஆனாலும் எதிர்பார்ப்பு அதுவாகவே இருக்கிறது.

அந்த மொழி தெரிந்தவர்களுக்கும் கதவு எளிதில் திறப்பதில்லை. 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் புறப்படவிருந்த சேலஞ்சர் விண்கலத்தைக் குளிரில் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வாதிட்டபோது, பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்கும் கடமை நீங்கி, பாதுகாப்பற்றது என்று மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் தோளில் வந்து விழுந்தது. மறுநாள் 73 விநாடிகளில் கலம் சிதறி 7 பேரும் இறந்தனர். "ஆதாரம் இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்கும்போது, கேட்கக்கூடாத கேள்வி என்று நான் சொல்லவில்லை, அதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள் என்றே வேண்டுகிறேன்.

எல்லாக் கவலையும் மெய்யானதல்ல என்பதை நான் அறிவேன். ஆதாரமற்ற அச்சங்கள் பரவுவதும், உரக்கப் பேசுபவர் ஒருவரே கூட்டத்தின் நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வதும், ஒரே புகாரை வாரந்தோறும் கேட்டு நீங்கள் சலித்துப்போவதும் உண்மை. கேட்பதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் இடையில் தூரம் உண்டு. ஆராய்ந்தோம், இன்னதைப் பார்த்தோம், இந்தக் காரணத்தால் ஆபத்தில்லை என்று அறிந்தோம் என்று சொல்லப்பட்டால், உடன்படாதவரும் ஒரு பதிலோடு வீடு திரும்புவார். "பயப்பட ஒன்றுமில்லை", "வதந்திகளை நம்ப வேண்டாம்" என்பவை அப்படிப்பட்ட பதில்கள் ஆகமாட்டா. வந்தவரின் அச்சத்தை அவரது குணக்குறையாக மாற்றி அவரிடமே திருப்பிக் கொடுப்பவை அவை. அதன்பின் அவர் உங்களிடம் வரமாட்டார். பக்கத்து வீட்டில் பேசுவார், வாட்ஸ்அப்பில் பகிர்வார். நீங்கள் வதந்தி என்று அழைப்பதில் ஒரு பகுதி, உங்கள் மேசையிலிருந்து பதிலின்றித் திரும்பிய கேள்விதான்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில மருத்துவமனைகளில் 2013 முதல், நோயாளியின் நிலை மோசமாவதாகக் குடும்பத்தினர் உணர்ந்தால், வார்டில் சொல்லியும் மனம் ஆறாவிட்டால், தொலைபேசி வழியே வேறொரு மறுஆய்வைக் கோரலாம். இங்கிலாந்தில் 2024-இல் இதையொத்த ஏற்பாடு தொடங்கியது. தாய் ஒருவர் அங்கே மருத்துவக் காரணம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை வழக்கம்போல் இல்லை என்று சொன்னால் போதும், மறுஆய்வு கோரலாம்.

உங்களிடம் நான் கேட்பதும் ஏறத்தாழ அவ்வளவே. ஒருவர் சொன்னதை உங்கள் அலுவலக நடைக்கு மாற்றாமல், அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். உங்கள் பதிலில் நிறைவடையாதவர் அடுத்து அணுகக்கூடிய, உங்களுக்குக் கீழ்ப்படாத ஒருவர் யார் என்பதை அப்போதே தெரிவியுங்கள். "பொதுமக்கள் சில ஐயங்களை எழுப்பினர், உரிய விளக்கம் அளிக்கப்பட்டது" என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதும் வழக்கத்தை அடுத்த கூட்டத்திலிருந்தே கைவிட்டு, எழுந்த ஐயம் என்ன, அளித்த விளக்கம் என்ன, எதை யார் எந்தத் தேதிக்குள் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்வார் என்பதை முழுமையாக எழுதி, அந்தக் குறிப்பை ஐயம் எழுப்பியவரிடமே முதலில் படிக்கக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொதுமக்களில் ஒருவர்