ஆயாவின் சிரிப்பு

அன்புள்ள கண்ணு,

மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "ஆயா இவ்வளவு உர்ரென்றா இருந்தார்கள்? சிரிக்கிற படம் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை?" என்று கேட்டாய். போனில் மழுப்பிவிட்டேன். நிஜமாகவே கிடைக்கவில்லை. கேமராவைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வது 86 வயதுவரை என் அம்மாவின் வழக்கம். முன்பல் முழுக்கப் பழுப்புக் கறை. எனக்கும் அப்படித்தான். இந்த மீசையை நான் அழகுக்காக வளர்த்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருப்பாய்.

வெளியூர்க்காரர்கள் புகையிலைப் பழக்கம் என்று எண்ணிக்கொள்வார்கள். அம்மா வெற்றிலைகூடப் போட்டதில்லை. பென்னாகரம் பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு செய்த வேலை அது. எங்களுக்கு அது தெரியவே வெகுகாலம் ஆயிற்று.

தொண்ணூறுகளில் அம்மா, பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கத்தில் தொண்டர். படித்தது ஐந்தாம் வகுப்பு, சம்பளம் கிடையாது. ஐந்து மணிக்கே களியைக் கிண்டி வைத்துவிட்டு, அரிக்கேன் விளக்கோடு பால்வாடித் திண்ணைக்குப் போய்விடுவார். ஆறிப்போன களிக்காக நான் முணுமுணுத்ததுண்டு. அந்த நாட்களில்தான் தண்ணீர் சோதிக்க வந்தவர்கள் எங்கள் பம்பு நீரில் மருந்துச் சொட்டு விட்டுக் காட்டினார்கள். இளஞ்சிவப்பு மஞ்சளாக வெளுத்தது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாதாம்.

அன்றிலிருந்து அம்மாவின் வகுப்பில் எழுத்துக்குப் பாதி, தண்ணீருக்குப் பாதி. "காய்ச்சினால் போய்விடாதா?" என்று கேட்டவர்களிடம், "குழம்பு சுண்டினால் உப்புக் குறையுமா, கூடுமா?" என்று திருப்பிக் கேட்பார். அதற்குமேல் யாரும் வாதாடியதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒருநாள், "தெரியாமல் உனக்கு இந்தத் தண்ணீரையே கொடுத்து வளர்த்துவிட்டேனே" என்றார். நான் பதில் ஏதும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு நீ பிறந்தாய். மழை பெய்தால் ஓட்டுக் கூரை கழுவிப் போகும்வரை காத்திருந்து, அண்டாவில் வேட்டி கட்டிப் பிடிப்பார். கோடையில், சோதனையில் தேறிய ஒரு திறந்த கிணற்றிலிருந்து தினம் ஒரு குடம், இடுப்பில். போக வர இரண்டு மைல். ஈறுக்குள் பல் உருவாகும் வயது எட்டுவரைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உனக்கு எட்டு முடியும்வரை அந்தக் குடம் நிற்கவில்லை. ஒருமுறை நான் அதில் ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு வாங்கிய வசவு இருக்கிறதே, அப்போது எனக்கு முப்பது வயது!

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஊர்க் குழாயில் காவிரி விழுந்த அன்று, அம்மா பிடித்த முதல் குடம் நம் வீட்டுக்கு வரவில்லை, பால்வாடிக்குப் போனது. தூக்கிப் போனது நான். அம்மாவுக்கு அதற்குள் முட்டி மடங்காமல் போயிருந்தது. வயதா தண்ணீரா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

உன் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது நீ எதையோ சொல்ல, ஆயா முந்தானையால் வாயைப் பொத்த மறந்து சிரித்தார். நீ அதை உன் போனில் எடுத்த ஞாபகம். இருந்தால் அனுப்பு. திதிக்குள் பெரிதாக்கி மாட்டிவிடுகிறேன். பல் தெரிந்தால் தெரியட்டும்.

அன்புடன்,
அப்பா