வளவு வீடு விற்பனையும் புரோபேட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பூர்வீக வளவு வீடுகளின் (நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பெரிய வீடுகளின்) விற்பனை விளம்பரங்களில் ‘உயில் உண்டு, கோர்ட்டில் புரோபேட் ஆகிவிட்டது’ என்ற வரியை அடிக்கடி பார்க்க முடிகிறது. இதை நம்பி முன்பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். புரோபேட் கையிலிருந்தால் முழு வீட்டையும் விற்றுவிடலாம் என்று நினைக்கும் வாரிசுகளும் இருக்கிறார்கள். இரு தரப்புக்காகவும் சில விவரங்களை எழுதுகிறேன்.

புரோபேட் உத்தரவில் நீதிமன்றம் சொல்வது இவ்வளவுதான்: இது இறந்தவரின் கடைசி உயில், முறைப்படி கையெழுத்தும் சாட்சியும் ஆனது, இதை நிறைவேற்ற இன்னாருக்கு அதிகாரம் உண்டு. வீடு இறந்தவருக்குச் சொந்தமா, சொந்தமென்றால் எத்தனை பங்கு என்பதற்குள் அந்த நீதிமன்றம் போகவே போகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டைக் கட்டிய பாட்டையாவுக்கு நான்கு மகன்கள், பதிவான பாகப்பிரிவினையில் ஆளுக்குக் கால் பங்கு. அதில் ஒருவர் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். கால் பங்கு நான்காகி ஆளுக்கு வீசம், அதாவது 16-இல் ஒன்று. பிறகு அவர் மனைவியான ஆச்சி, ‘வீடு முழுவதும் என் இளைய மகனுக்கு’ என்று உயில் எழுதிவைத்துக் காலமாகிறார். புரோபேட்டும் கிடைத்துவிடுகிறது. உயில் மூலம் மகனுக்கு வருவது ஆச்சியின் வீசம் மட்டுமே. தன் வீசத்தோடு சேர்த்தால் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அதை வைத்து முகப்பிலிருந்து பின்கட்டு வரை கிரயம் எழுதி, அது பதிவே ஆனாலும், மீதி ஏழு அரைக்காலுக்கு அந்தக் கிரயம் செல்லாது.

கட்டாயம் எது என்பதிலும் குழப்பம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, சென்னைக்குள் எழுதிய உயில், சென்னையிலுள்ள சொத்து பற்றிய உயில் ஆகியவற்றுக்குத்தான் தமிழ்நாட்டு இந்துக்களிடம் புரோபேட் கேட்டது. செட்டிநாட்டில் எழுதி, இங்குள்ள வீட்டை மட்டும் பற்றிய உயிலுக்கு அந்தக் கட்டாயம் முன்பும் இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியும் விட்டது. பிறகு எதற்கு வாங்குகிறோம் என்றால், உயிலைப் பற்றிய சண்டையை முடித்துக்கொள்ளத்தான். அறிவிப்பு கொடுத்து முறையாக வாங்கிய புரோபேட், உயில் உண்மையானது என்ற மட்டில் எல்லோரையும் கட்டுப்படுத்தும். சண்டையே இல்லாத வீட்டில் அதற்காக அலைவது வீண் செலவு என்பது என் கருத்து.

வாங்குவதென்றால், சிவகங்கை அல்லது புதுக்கோட்டை மாவட்ட நீதிமன்றத்தில் மனு. அசல் உயில், இறப்புச் சான்று, சொத்து விவரமும் மதிப்பும், சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவரின் பிரமாணம். அசல் உயில் நீதிமன்றத்திலேயே தங்கிவிடும். உங்களுக்குக் கிடைப்பது அதன் நகல் இணைத்த உத்தரவு. வாரிசுகளுக்கு நோட்டீஸும் பத்திரிகை அறிவிப்பும் போகும். யாராவது கேவியட் என்ற ஆட்சேப மனு போட்டு எதிர்த்தால், மனு அசல் வழக்காக மாறிச் சாட்சி விசாரணைக்குப் போய்விடும். பெரும்பாலும் இடறுவது சாட்சி விஷயத்தில்தான். உயில் பதிவானதுதானே, சாட்சி எதற்கு என்று கேட்கிறார்கள். பதிவான உயிலானாலும், சாட்சி உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருந்தால் அவர் வந்தே ஆக வேண்டும். எழுதியவருக்குச் சம வயதுக்காரர்களையே சாட்சியாக வைத்த உயில்களில், தேவைப்படும்போது இருவருமே இருப்பதில்லை. கையெழுத்தை அடையாளம் காட்ட வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. இறந்தபின் மூன்று ஆண்டுக்கு மேல் கழித்து மனுப் போட்டால் தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

இனி, வீடு வாங்குபவர் பார்க்கத் தவறும் இடம். உயிலில் நிறைவேற்றுநர் என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்திருந்தால் அவருக்குக் கிடைப்பது புரோபேட். யாரையும் நியமிக்காவிட்டால் கிடைப்பது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் (சொத்தை நிர்வகிக்கும் அதிகார உத்தரவு); அதைப் பெறுபவர் நிர்வாகி ஆகிறார். பேச்சில் இரண்டையும் ‘புரோபேட்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். விற்பனைக்கு வரும்போது இரண்டும் ஒன்றல்ல. அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவுப்படி, நிறைவேற்றுநர் உயில் தடுக்காத வரை விற்கலாம். நிர்வாகியோ, நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. மீறி விற்றால், சொத்தில் அக்கறையுள்ள எவரும் அந்தக் கிரயத்தை ரத்து செய்யச் சொல்லலாம்.

ஆகவே உத்தரவின் தலைப்பைப் படியுங்கள். லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்றிருந்தால், அதன்மேல் விற்பனை அனுமதி உத்தரவு தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதி மனுவில் விற்க என்ன காரணம், வழிகாட்டி மதிப்பு எவ்வளவு, பொறியாளர் போட்ட மதிப்பு எவ்வளவு, பணம் யார் யாருக்கு எந்த விகிதத்தில் போகும் என்பதைச் சொல்லி, மற்றப் பயனாளிகளின் சம்மதத்தையும் வைப்பது நல்லது. குறைந்தபட்ச விலை, பணத்தை நீதிமன்றத்தில் கட்டுவது போன்ற நிபந்தனைகள் உத்தரவில் இருந்தால், கிரயப் பத்திரம் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட விலகக் கூடாது. விற்பவர் ‘நிர்வாகி’ என்ற நிலையில் கையெழுத்திட்டு, மனு எண்ணும் உத்தரவுத் தேதியும் பத்திரத்தில் வர வேண்டும். ‘எனக்குச் சொந்தமான’ என்ற பழைய வாசகத்தை அப்படியே அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் வழக்கு வந்தால் அந்த வரிதான் முதலில் அடிபடும்.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ புரோபேட் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். அந்த உத்தரவோடு இங்குள்ள சார்பதிவாளரிடம் நேராகப் போவது முறையல்ல. 228-ஆம் பிரிவின்கீழ், அங்கு நிரூபிக்கப்பட்ட உயிலின் சான்றிட்ட நகலை இங்குள்ள நீதிமன்றத்தில் வைத்து, அந்த நகல் இணைந்த லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் வாங்கலாம். அப்படி வாங்கினால் நீங்கள் நிர்வாகி. விற்பனைக்கு முன் அனுமதி உங்களுக்கும் வேண்டும்.

நிறைவேற்றுநரோ நிர்வாகியோ, ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஓராண்டுக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நம் வீடுகளில் இந்தப் பட்டியலை ‘வீடு ஒன்று, மனை ஒன்று’ என்று முடிக்கக் கூடாது. வளவில் பர்மாத் தேக்குத் தூண் எத்தனை, நிலைக்கதவு எத்தனை, பெல்ஜியம் கண்ணாடி எங்கெங்கே, இரட்டை அறைகளில் எவை பூட்டிக் கிடக்கின்றன என்று படத்தோடு எழுதிவையுங்கள். பாகம் பிரியாத வீட்டில் தூணும் நிலையும் எல்லாப் பங்காளிக்கும் பொது. ஒருவர் தன் அறைப் பக்கத்து நிலையைப் பெயர்த்துப் பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டால், எது இருந்தது என்று காட்ட இந்தப் பட்டியலை விட்டால் வேறு கதியில்லை.

பங்கைக் கணக்கிடும்போது இரண்டு பேரை விட்டுவிடுகிறார்கள். ஒருவர் மகள். ‘சீர் செய்து அனுப்பியாயிற்று’ என்பது சட்டத்தின் முன் நிற்காது. தகப்பனாரின் தனிப் பங்கில் 1956 முதலே மகள் முதல் வகுப்பு வாரிசு. கூட்டுக்குடும்பச் சொத்தில் 2005 திருத்தம் மகளைப் பிறப்பால் பங்காளி ஆக்கியது. அந்தத் திருத்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அந்தத் திருத்தம் தொடாது. மகளுக்குப் பங்கு வேண்டாமென்றால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், வாய்ச்சொல் போதாது. அடுத்தவர் சுவீகாரம் போனவர். போவதற்கு முன்பே அவர் பெயருக்கு வந்துவிட்ட சொத்து அவருடையதே. போன பிறகு பிறந்த வீட்டில் திறக்கும் வாரிசுரிமையில் அவருக்கு இடமில்லை; வளர்ப்பு வீட்டில் உண்டு. எனவே வாரிசுச் சான்றோடு நிற்காமல், சுவீகாரத் தேதியை இறப்புத் தேதிகளோடு ஒப்பிட வேண்டும். வயது வராத பிள்ளைக்கு வாரிசு முறையில் வந்த தனிப் பங்கு இருந்தால், தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட்டால் ஆகாது, நீதிமன்ற அனுமதி தேவை.

ஒரே ஒரு பங்காளி மட்டும் மறுத்தால்? வெளியார் அந்த நிலையில் சில்லறைப் பங்கை வாங்குவது பணம் கொடுத்து வழக்கை வாங்குவதுதான். குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய அந்நியருக்கு, சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவு, கூட்டாகக் குடியேறும் உரிமையைத் தருவதில்லை. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி, நீதிமன்றம் போடும் மதிப்புக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே எடுத்துக்கொள்ளலாம். பங்காளிகளுக்கு அதே சட்டத்தில் வேறு வழி உண்டு: வீட்டைத் துண்டாக்க முடியாத நிலையில், பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் பாக வழக்கில் கேட்டால், வீட்டையே விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். மறுப்பவர் அப்போது மதிப்புக் கொடுத்துத் தாமே வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பவர் பத்திரத்தை, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். பலருடையது மேசை இழுப்பறையிலேயே காலாவதியாகிறது. கொடுத்தவர் இறந்தால் பவரும் போயிற்று. கடைசியாகப் பணம்: மொத்தத் தொகையை ஒருவர் பெயருக்குக் கொடுக்காமல், பங்கு விகிதப்படி ஒவ்வொருவர் கணக்குக்கும் தனித்தனியே கொடுத்து அந்த விவரத்தைப் பத்திரத்தில் எழுதுங்கள். மொத்த விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேலென்றால் உள்நாட்டுப் பங்காளிகளிடம் ஒரு சதவீத வரிப் பிடித்தம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த 50 லட்ச வரம்பு கிடையாது, பிடித்தமும் அதிகம். குறைந்த பிடித்தச் சான்றை அவர் வருமான வரித் துறையிடம் கிரயத்துக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். பழைய வீடு என்பதால், மூலதன ஆதாய வரிக் கணக்கில் 1.4.2001 மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். அந்தத் தேதியின் வழிகாட்டி மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி