கொப்பியில் கோடு கீறியவருக்கு

அன்பான உறவுகளுக்கும் பறவை பார்க்கும் நண்பர்களுக்கும்,

என் கணவர் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். படி ஏற இன்னும் விடவில்லை, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், மற்றப்படி சுகம். ஈரி ஏரிக்கரையில் இருக்கிற பொயின்ற் பீலிப் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போன இடத்தில், அன்று காலை இவர் இதயம் நின்று விழுந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் சொல்லி ஒருவராக ரொறொன்ரோ முழுக்கப் பரவி, யாழ்ப்பாணத்திலிருந்து மாமி அழுதுகொண்டு போன் எடுக்கிற அளவுக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் ஆறவிட்டால் கடிதம் ஒழுங்காக வரும், ஆனால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதலில் உயிரைப் பிடித்து வைத்தவர்கள். கை ஓயாமல் நெஞ்சை அமுக்கிய அந்த இரண்டு பெடியன்கள், நின்ற இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த பூங்காப் பணியாளர், சனத்தை விலக்கி வழி எடுத்துத் தந்த ஷட்டில் பஸ் சாரதி, அம்புலன்ஸில் வந்தவர்கள், டொக்டர்மார், நேர்ஸ்மார். உங்களுக்கு எழுத வெளிக்கிட்டால் எந்தச் சொல்லும் சின்னதாகப் போகிறது. கையெடுத்துக் கும்பிடுகிறேன். அப்புறம், ஸ்காபரோவிலிருந்து நான்கு மணித்தியாலம் கார் ஓடி வந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என்னைச் சாப்பிட வைத்த அக்காமார், காரை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்ட தம்பி, மகளோடு இரவில் துணைக்குப் படுத்த பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே மூச்சில் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவோம், இவர் படி ஏறத் தொடங்கட்டும்.

ஆனால் இந்தக் கடிதம் எழுத வைத்தது பெயர் தெரியாத இன்னொருவர்.

இவருடைய கொப்பி உங்களில் கனபேருக்குத் தெரியும். போனில் எல்லா வசதியும் இருக்க, ஏன் இந்த மனுசன் பழைய காலத்து ஆள் மாதிரி சுருள்கம்பிக் கொப்பியோடு திரிகிறார் என்று நானே கேட்டிருக்கிறேன். பக்கத்தின் மேலே திகதி, காற்று, மேகம். கீழே நேரம், பறவை, எண்ணிக்கை. பறவையின் பெயரையும் முழுதாக எழுத மாட்டார். இந்த ஆட்களுக்கென்று நான்கெழுத்துச் சுருக்கம் இருக்கிறது, வேறு யாரும் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

அன்றைய பக்கத்தின் மேலே இவர் எழுதியிருந்தது: இரவு தெற்குக் காற்று, விடிய முன் மழை. பறவைக்காரருக்கு இந்த இரண்டு வரி போதும், பொன் கிடைத்தது போலத் துள்ளுவார்கள். வசந்தத்தில் இந்தச் சின்னக் குருவிகள் இரவில்தான் பறக்கின்றன. தெற்குக் காற்று முதுகில் தள்ள, அமெரிக்கக் கரையிலிருந்து கிளம்பி ஈரி ஏரியைக் கடக்கின்றன. அந்த இடத்தில் ஏரி 40 கிலோமீட்டருக்குக் குறையாது. நடுவில் மழை பிடித்தால் தண்ணீரில் எங்கே இறங்குவது? முதலில் கண்ணில் படுகிற தரை, கனடாவின் பெருநிலத்திலேயே தெற்கே ஆகக் கடைசியாக ஏரிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பீலி முனைதான். விடியும்போது களைத்து விழுந்தது போல வந்து இறங்கி, ஆட்கள் நிற்பதையும் கவனிக்காமல் காலடியில் பூச்சி பொறுக்கும். அந்த ஒரு காலைக்காகத்தான் இவர் ஒவ்வொரு மே மாதமும் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். நான் காருக்குள் தேத்தண்ணியோடு இருந்துவிடுவேன். அன்றைக்கு மட்டும், ஏனோ, கூடவே நடந்தேன்.

கொப்பி மணலில் விழுந்ததை நான் காணவில்லை. காணக்கூடிய நிலையிலும் இல்லை. பிறகு ஆஸ்பத்திரியில் மகள் வரவேற்பு மேசைக்குப் போனபோது, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அட்டையில் இருந்த இவர் பெயரைப் பார்த்து யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நீலத் தொப்பி போட்ட, வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் என்று மட்டும் சொன்னார்கள். உள்ளே வரவா என்று கூடக் கேட்கவில்லையாம்.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்ததற்கே நன்றி சொல்லலாம். ஆனால் திறந்து பார்த்தால் பக்கம் நிரம்பியிருந்தது.

இவருடைய கையெழுத்து 8:10 உடன் நிற்கிறது. கடைசிச் சொல் பாதியில் சரிந்து போயிருக்கிறது. அதன் கீழே, அளவுகோல் வைத்தது போல நேராக ஒரு கோடு. கோட்டின் கீழே, பென்சிலில், சின்னதாக ஆங்கிலத்தில் ஒரு வரி: இங்கிருந்து வேறு கை. பக்கத்தில் இரண்டு எழுத்து, அவருடைய பெயரின் முதலெழுத்துகளாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே 8:45இலிருந்து மத்தியானம் கடந்தும் இவருடைய முறையிலேயே, அதே நான்கெழுத்துச் சுருக்கத்தில், நேரத்தோடு, எண்ணிக்கையோடு வரிசையாக எழுதியிருக்கிறார். காற்று எப்போது வடக்குக்குத் திரும்பியது என்று கூடக் குறித்திருக்கிறார்.

அந்தக் கோட்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எனக்கு அதன் அர்த்தம் உடனே விளங்கவில்லை. மகள்தான் சொன்னாள்: ஒருவர் காணாத பறவையை அவருடைய கணக்கில் எழுதக் கூடாது என்பது இவர்களுடைய ஒழுக்கம். யார் கண்டது என்பது தெரியாவிட்டால் அந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை. ஆகவே அந்த அம்மா இவருடைய பட்டியலை இவருக்கே விட்டுவிட்டு, அந்தக் காலை நின்றுபோகாமல் தான் தொடர்ந்திருக்கிறார். ஓர் அந்நிய மனுசன் சாகக் கிடக்கிறான், அவனுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்த ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இது தோன்றும்?

இவருக்குப் பேச்சு சரியாக வராத அந்த நாட்களில் மகள் கட்டிலருகே இருந்து அதை வாசித்தாள். அவளுக்கும் சுருக்கம் தெரியாது, எழுத்தெழுத்தாக வாசித்தாள். பி-எல்-பி-டபிள்யூ, நான்கு. இவர் கண்ணைத் திறந்தார். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார், கேட்கவில்லை. விரலால் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வலிக்கிறதாக்கும் என்று நான் நேர்ஸைக் கூப்பிட ஓடப் பார்த்தேன். மகள் போனில் தேடிப் படத்தைக் காட்டினாள்: பிளாக்பர்னியன் வார்ப்ளர் என்ற சின்னக் குருவி, தொண்டை முழுக்கத் தணல் நிறம். 10 கிராம் கூட ஒழுங்காக இல்லாத அந்தச் சீவன், குளிர்காலத்தை கொலம்பியா, எக்குவடோர், பெரு மலைகளில் கழித்துவிட்டு அத்தனை தூரம் வந்து இறங்கியிருக்கிறது. இவர் தொட்டுக் காட்டியது தன் தொண்டையை அல்ல, அதன் தொண்டையை.

பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மகள் எழுத்துகளை வாசிப்பாள், இவர் கையால், கண்ணால், கொஞ்சம் கொஞ்சமாக வாயால் சொல்லுவார். சி-ஏ-டபிள்யூ-ஏ என்றதும் கழுத்தைச் சுற்றி விரலால் மாலை போட்டுக் காட்டினார். கனடா வார்ப்ளருக்கு மஞ்சள் நெஞ்சில் கறுப்பு மணி கோத்த மாதிரி இருக்குமாம். புளூ ஜே என்கிற நீலப் பறவைகள் 200க்கு மேல், முனை வரை பறந்து போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன என்று அந்த அம்மா எழுதியிருந்ததை வாசித்தபோதுதான் முதல்முறை சிரித்தார். ஒவ்வொரு மே மாதமும் அவை அங்கே இப்படித்தான் போவதா நிற்பதா என்று கூட்டமாகச் சுழன்றுகொண்டிருக்குமாம். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, என்ன வைத்தியம் இது என்று கேட்டார்.

கடைசிக்கு முந்திய வரியில் சி-ஓ-என்-டபிள்யூ. அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, பிறகு அந்தக் கேள்விக்குறியை வெட்டி, கீழே விளக்கம்: சாம்பல் தலை, கண்ணைச் சுற்றி முழு வெள்ளை வளையம், தரையில் தத்தாமல் நடந்தது. கனெக்டிகட் வார்ப்ளர். இவர் எவ்வளவோ காலமாகத் தேடிக் காணாத பறவை. மே மாதம் பிந்தித்தான் வரும், வந்தாலும் பற்றைக்குள் ஒளிந்து நடக்கும். அதை மகள் வாசித்ததும் இவருடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நான் போன பிறகா?" இதுதான் இவர் தெளிவாகச் சொன்ன முதல் வசனம். செத்துப் பிழைத்த மனுசனுக்குப் பறவை தப்பியதுதான் கவலை. நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது.

யோசித்துப் பார்க்கிறேன். நான் இத்தனை வருடம் அந்தக் கொப்பியை ஒரு பொழுதுபோக்குக் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். இவர் இப்போது கட்டிலில் கிடந்து எனக்கு வகுப்பு எடுக்கிறார், நானும் கேட்கிறேன். பீலி முனைக்குப் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆட்கள் போய்த் தங்கி, பறவை எண்ணி எழுதி வைத்தார்களாம். அவர்கள் விடாமல் சொல்லித்தான் 1918இல் அது தேசியப் பூங்காவானது. 1970இலிருந்து வட அமெரிக்காவில் ஏறக்குறைய 300 கோடி பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் வந்த ஆய்வும், சம்பளமில்லாமல் விடியக் காலையில் எழும்பிப் போய் எண்ணி எழுதியவர்களின் கணக்கை வைத்துத்தான் பெரும்பாலும் எழுதப்பட்டது. அப்படிப் பார்த்தால் அந்த அம்மா எழுதியது இவருக்காக மட்டும் இல்லை என்பதும் தெரிகிறது. காற்று, மழை, நேரம் எல்லாம் பொருந்தி வந்த காலை, அதைப் பாதியில் விட அவருக்கு மனம் வந்திருக்காது. இரக்கமா, பறவைப் பைத்தியமா என்று கேட்டால் இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வெறும் இரக்கம் என்றால் பூச்செண்டு வந்திருக்கும்.

நான் மூன்று விஷயம் செய்யப் போகிறேன், சாட்சிக்கு நீங்கள் இருங்கள். நெஞ்சு அமுக்கும் முதலுதவி வகுப்புக்கு என் பெயரையும் மகள் பெயரையும் கொடுத்தாகிவிட்டது, நீங்களும் கொடுங்கள். மே மாதத்திலும் இலையுதிர் காலத்திலும் எங்கள் பல்கனி விளக்கு இரவில் எரியாது. இருட்டில் பறந்து வருகிற இந்தச் சீவன்களை நகரத்து வெளிச்சம் வழி மாற்றிக் கண்ணாடிச் சுவரில் மோத வைக்கிறது, உயர்மாடிகளில் இருக்கிற எங்கள் சனமும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். மூன்றாவது, அடுத்த மே மாதம் நான் காருக்குள் இருக்க மாட்டேன். பைனோகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடாதே, பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனோகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா என்று இவர் இப்போதே படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். யன்னலுக்கு வெளியே நிற்கிற ரொபினில் பழகுகிறேன்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரிய நியாயமில்லை. இதன் சுருக்கத்தை மகள் ஆங்கிலத்தில் எழுதிப் பூங்காவின் பார்வையாளர் நிலையத்தில் கொடுத்திருக்கிறாள். அங்கே போகிறவர்கள் நீலத் தொப்பி அம்மாவைக் கண்டால் தயவுசெய்து சொல்லுங்கள். இவர் சொல்லச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அன்றைய பட்டியலை இவர், பறவைக்காரர் தாங்கள் கண்டதைப் பதிகிற ஈபேர்ட் இணையத்தளத்தில் 8:10 வரைக்கும்தான் பதிந்திருக்கிறார். கோட்டுக்குக் கீழே உள்ளதெல்லாம் உங்களுடையது. கனெக்டிகட் வார்ப்ளரை நீங்கள் இன்னும் பதியவில்லை என்றால் உங்கள் பெயரில் பதியுங்கள், பக்கத்தைப் படமெடுத்து அந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறோம். உங்கள் பென்சிலும் கொப்பியின் சுருளுக்குள் செருகியபடி எங்களிடம்தான் இருக்கிறது.

அன்புடனும் கடனுடனும்,
கொப்பிக்காரரின் மனைவி