பைப் விளம்பரம் புகையிலை விளம்பரம் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இருபது வருஷமா பத்திரிகை விளம்பரங்களுக்கு லேஅவுட் பண்ற வேலைல இருக்கேன். போன மாசம் ஒரு கிஃப்ட் கடைக்காரர் மாத இதழ் ஒண்ணுல போட அரைப்பக்க விளம்பரம் வேணும்னு வந்தாரு. மேஜை மேல தோல் அட்டை டைரி, மூக்குக்கண்ணாடி, நடுவுல பளபளன்னு பாலிஷ் போட்ட, புகைபிடிக்கிற மரப் பைப், மேல "அப்பாவுக்கு ஒரு பரிசு"ன்னு ஒரு வரி. முடிச்சு காட்டினா, பைப்லேர்ந்து புகை லேசா சுருண்டு போற மாதிரி வைங்க, அப்பதான் படத்துல உயிர் இருக்கும்ங்கறாரு. முடியாதுன்னு சொன்னேன். தடை புகையிலைக்குத்தானே சார், நான் விக்கிறது வெறும் மரம்னு அவர் சொல்ல, எங்க ஆபீஸ்லயும் ஆமா அதானேன்னு தலையாட்டுனாங்க.

அவர் சொன்னதுல பாதி சரி. 2003ல வந்த கோட்பாங்கற புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல, எதெல்லாம் புகையிலைப் பொருள்னு சொல்ற அட்டவணைல சிகரெட், சுருட்டு, பீடி, மூக்குப்பொடி, குட்கா எல்லாம் இருக்கு, பைப்ல போடற புகையிலையும் இருக்கு, ஆனா பைப் இல்ல. அதே சட்டம் புகைபிடிக்கிறதுன்னா என்னன்னு சொல்ற இடத்துல மட்டும் பைப் வச்சு பிடிக்கிறதையும் சேர்த்துத்தான் சொல்லுது. 5வது பிரிவ படிச்சா, புகையிலைய உபயோகிக்கச் சொல்லி நேரடியாவோ மறைமுகமாவோ தூண்டுற எந்த விளம்பரத்துலயும் யாரும் பங்கெடுக்கக் கூடாதுன்னு இருக்கு, யாரும்னா கடைக்காரர் மட்டும் இல்ல, லேஅவுட் பண்ற நானும்தான்னு எனக்கு தோணுது. அதை வெளியிடற பத்திரிகைக்கும் அதே பிரிவுல பொறுப்பு இருக்கு. 2005ல வந்த விதி இன்னும் தெளிவா, வேற பொருளை விளம்பரம் பண்றப்போ புகைபிடிக்கிற காட்சிய காட்டினாலே அது மறைமுக விளம்பரம்னு சொல்லுது. அந்த ஒரு சுருள் புகைய நான் போட மாட்டேன்னதுக்கு காரணம் அதான். புகை இல்லாம வெறும் பைப்ப மட்டும் போட்டா என்னங்கறதுக்குத்தான் சட்டத்துல நேரா பதில் இல்ல, எல்லாரும் அந்த சந்துல புகுந்து போறாங்க. பைப்ல புகையிலைய தவிர வேற எதை போட்டு பிடிக்கப் போறாங்க?

எனக்கு இதுல இவ்வளவு கோபம் வர்றதுக்கு காரணம் இருக்கு. எங்க தாத்தா உறையூர்ல சுருட்டு சுத்தினவரு. பலகைல இலைய விரிச்சு பசை தடவி அவர் சுத்துற கையெல்லாம் பழுப்பா இருக்கும், கடைசி ரெண்டு வருஷம் அவர் இருமுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அவர் சுத்தின சுருட்டை இன்னைக்கு ஒரு பத்திரிகைலயும் விளம்பரம் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. அதே புகைய பிடிக்கிற பைப்ப மட்டும் பெரிய மனுஷன் அடையாளம் மாதிரி வழவழ பேப்பர்ல போட்டு பசங்க கண்ணுல காட்டலாமா?

அபராதத்தையும் பாருங்க. கோட்பால விளம்பரத் தடைய மீறினா முதல் தடவை 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அரைப்பக்க விளம்பரத்துக்கு வாங்குற காசுல அந்த ஆயிரம் ஒரு மூலைக்கு காணாது. ஆனா 2019ல வந்த இ-சிகரெட் தடைச் சட்டத்துல கருவியையே தடை பண்ணி, விளம்பரம் பண்ணினா முதல் தடவையே 1 லட்சம் வரைக்கும் அபராதம் இல்லன்னா 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு வச்சிருக்காங்க. அப்போ கருவிய சட்டத்துக்குள்ள கொண்டு வர முடியும்னு அரசாங்கத்துக்கு தெரியுது. மத்திய சுகாதாரத் துறை கோட்பா அட்டவணைல பைப்பையும் பேர் சொல்லி சேர்க்கணும், அபராதத்த இந்த காலத்துக்கு ஏத்த மாதிரி ஏத்தணும்.

நான் விட்டுட்ட அந்த விளம்பரம் வேற இடத்துல செஞ்சு, புகையோடயே அச்சாகி வந்துடுச்சு. உங்க பேப்பர்லயும் பண்டிகை நேரத்துல கிஃப்ட் பக்கம் வருது, விளம்பரம் வாங்குறவங்ககிட்ட இதை ஒரு வார்த்தை சொல்லி வைங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
உறையூர், திருச்சி